தரிசா, தண்ணி முறை இல்லையா? செயற்கைக்கோள் படத்தில் நம்ம பூமியைப் பார்க்கப் பழகுவது

முதன்முதலில் செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு நிலம் எப்படி மாறுகிறது என்று பார்க்க உட்கார்ந்தபோது நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெருந்துறைப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் ஊரை எடுத்துக்கொண்டேன். அடுத்தடுத்த இரண்டு வருடத்துப் பிப்ரவரிப் படங்கள். முதல் வருடம் பச்சைப்பசேல் என்று இருந்த இடம் அடுத்த வருடம் காய்ந்த சாக்கு மாதிரிக் கிடந்தது. சரி, விவசாயத்தை விட்டுவிட்டார்கள், இனி சைட் போட வேண்டியதுதான் பாக்கி என்று நானாக முடிவுகட்டி, இரண்டு படத்தையும் பெரியப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, அந்த வருசம் நமக்குப் புஞ்சைத் தண்ணி முறையே இல்லியே, நெல்லுக்குத்தானே உட்டாங்க" என்றார். அவ்வளவுதான், ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்த வேலை போச்சு.

கீழ்பவானி ஆயக்கட்டு, அதாவது மொத்தப் பாசனப் பரப்பு, 2,07,000 ஏக்கர். அதில் ஒரு பாதிக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்கு, ஆகஸ்ட் நடுவில் நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்கள். மறுபாதிக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடலை, எள், மக்காச்சோளம் போன்ற புஞ்சைப் பயிருக்கு. அடுத்த வருடம் இது அப்படியே மாறும். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று ஊரில் பேசிக்கொள்வது இதைத்தான். ஆக, இந்த வாய்க்காலில் ஒரே வயலின் பிப்ரவரிப் படம் ஒரு வருடம் பச்சையாகவும் மறு வருடம் காய்ந்தும் இருப்பதுதான் இயல்பு. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்திலும் இப்படித்தான், நான்கு மண்டலமாகப் பிரித்து ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தண்ணீர். அணையில் தண்ணீர் குறைந்த வருடம் இந்தக் கணக்கும் மாறும்.

அதனால் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு நோட்டில் உங்கள் ஊர்த் தண்ணீர்க் கணக்கை எழுதுவது. எது வாய்க்கால் பாசனம், எது கிணறு அல்லது போர் வைத்த தோட்டம், எது வானம் பார்த்த காடு (எங்கள் பக்கம் காடு என்றால் வனம் அல்ல, பயிர் செய்கிற நிலம்). எந்த வருடம் எந்த மதகுக்குத் திறந்தார்கள். எந்த வருடம் மழையே இல்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்து, 2017 கோடையில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னை மரங்களே காய்ந்துபோனது ஞாபகம் இருக்கும். அந்த 2017-ஐ ஆரம்ப வருடமாக வைத்துக்கொண்டு இன்றைய படத்தோடு ஒப்பிட்டால், கொங்கு நாடே செழித்துவிட்டது என்று கம்ப்யூட்டர் சொல்லும்.

எதில் பார்ப்பது

மூன்று கருவி போதும், மூன்றும் காசில்லாதவை. கூகுள் எர்த் புரோ, ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளம், நிரல் எழுதிப் படங்களைக் கணக்குப் போடுகிற கூகுள் எர்த் என்ஜின். முதல் இரண்டுக்கு எந்த நிரலும் எழுதத் தெரிய வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் மூன்றாவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

கூகுள் எர்த் புரோவில் மேலே கடிகாரப் படம் போட்ட பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பழைய வருடப் படங்களுக்கு ஒரு பட்டை வரும், இழுத்துக்கொண்டே போகலாம். இதில் மரம், வீடு, கிணறு எல்லாம் தெரியும். கொங்குக்காரர்களுக்கு இதில் ஒரு சந்தோசம் இருக்கிறது, இட்டேரி அப்படியே தெரியும், இரண்டு பக்கமும் வேலி கருப்பாக இரண்டு கோடு, நடுவில் வெளுத்த தடம். வருடங்களை இழுக்கும்போது அந்த இரண்டு கோட்டில் ஒன்று காணாமல் போய், தடம் அகலமாகி, அப்புறம் தார் ரோடு ஆகிவிடுகிற இடங்களையும் பார்ப்பீர்கள். ஆனால் இதில் படங்கள் ஒழுங்கான இடைவெளியில் இருக்காது. ஒரு வருடம் ஜனவரிப் படம், அடுத்து மூன்று வருடம் கழித்து ஜூன் படம் என்று வரும். பச்சையை ஒப்பிட இது உதவாது, என்ன கட்டினார்கள், என்ன மரம் வைத்தார்கள் என்று பார்க்கத்தான் இது.

ஒழுங்காக வருவது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல் 2 செயற்கைக்கோள் படம். முதல் கோள் 2015 ஜூனில் ஏவப்பட்டது, இரண்டாவது 2017 மார்ச்சில். இரண்டும் சேர்ந்த பிறகு ஐந்து நாளைக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல், காலை பத்தரை மணிவாக்கில், போகிறது. இதன் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு 40 பிக்சல் வரும். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் இன்னும் பழையவை, ஆனால் பிக்சல் 30 மீட்டர், கிட்டத்தட்ட 22 சென்ட், ஏக்கருக்கு நாலரை பிக்சல்தான்.

இந்தக் கணக்கை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பக்கம் பாகம் பிரித்துப் பிரித்துப் பூமி நீளவாக்கில் பட்டை பட்டையாக இருக்கும். 130 அடி அகலம், 650 அடி நீளம் இருக்கிற ஒரு இரண்டு ஏக்கர்க் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தில் நான்கு சென்டினல் பிக்சல்தான் விழும். அதில் இரண்டு ஓரமும் பக்கத்துக் காட்டோடு, பொழியில், அதாவது எல்லை வரப்பில், இருக்கிற வேப்பமரத்தோடு கலந்துவிடும். நம்பிக்கையாகச் சொல்ல நடுவில் இரண்டு பிக்சல் மிஞ்சும். லேண்ட்சாட்டில் ஒன்றுமே மிஞ்சாது. அதனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கருக்கெல்லாம் இந்த வேலையில் இறங்க வேண்டாம், இரண்டு மூன்று ஏக்கருக்கு மேல் சேர்ந்தாற்போல் இருக்கிற நிலம், அல்லது மொத்த ஊர், என்று எடுங்கள்.

எல்லை வரைவது

கூகுள் எர்த் புரோவில் 'ஆட் பாலிகன்' என்ற பொத்தானை அழுத்தி, நிலத்தின் மூலைகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டே போனால் எல்லை வந்துவிடும். ஓரத்திலிருந்து 10 மீட்டர் உள்ளே தள்ளி வரையுங்கள், மேலே சொன்ன ஓரக் கலப்படத்துக்காக. பெயர் கொடுத்து, வலது சொடுக்கில் 'சேவ் பிளேஸ் ஆஸ்' போய், கே.எம்.எல். கோப்பாகச் சேமியுங்கள்.

ஒரு விசயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துச் சண்டை பார்த்திருக்கிறேன். கூகுள் எர்த்தில் வெவ்வேறு வருடப் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று மிகச் சரியாக உட்காராது, சில மீட்டர் தள்ளி நிற்கும். 2010 படத்தில் வேலி இங்கே இருந்தது, இப்போது நகர்ந்துவிட்டது, பங்காளி பொழியை வெட்டிவிட்டார் என்று கிளம்பாதீர்கள். எல்லைக்குச் சர்வேயரும் எப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடமும்தான்.

கோப்பர்நிகஸ் பிரவுசரில்

தேடினால் முதலிலேயே வரும். மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் திறந்துகொள்ளுங்கள், கணக்கில்லாமலும் பார்க்கலாம், ஆனால் சில வசதிகள் பூட்டியிருக்கும். வலது பக்கப் பொத்தான்களில் ஐங்கோணம் மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் உங்கள் கே.எம்.எல். கோப்பை ஏற்றினால் படம் நேராக உங்கள் காட்டில் போய் நிற்கும். இடது பக்கம் சென்டினல் 2, எல்2ஏ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்2ஏ என்றால் காற்றில் இருக்கிற தூசு, ஈரம் இவற்றால் வருகிற மங்கலைக் கழித்த படம். வருடத்துக்கு வருடம் ஒப்பிட இதுதான் சரி, அந்த மங்கலைக் கழிக்காத எல்1சி வேண்டாம்.

அப்புறம் தேதி. இங்கே மேகத்தின் அளவுக்கு ஒரு பட்டை இருக்கும், பலரும் அதை 20 சதவீதத்துக்கு இழுத்துவிடுவார்கள். செய்யாதீர்கள். அந்தச் சதவீதம் உங்கள் காட்டுக்கானது அல்ல, 110 கிலோமீட்டர் சதுரமான ஒரு முழுத் துண்டுப் படத்துக்கானது. ஆனைமலை மேல் மேகம் மூடியிருந்தால் அந்தத் துண்டு 60 சதவீதம் மேகம் என்று ஒதுங்கிவிடும், ஆனால் அதே நாளில் மூலனூரிலும் தாராபுரத்திலும் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். பட்டையை 100-இல் விட்டுவிட்டு, ஒவ்வொரு தேதியையும் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேகத்தை மட்டுமல்ல, மேக நிழலையும் பாருங்கள். நிழல் விழுந்த தோட்டம் காய்ந்த தோட்டம் மாதிரியே ஏமாற்றும்.

முதலில் 'ட்ரூ கலர்' பாருங்கள், அது நம் கண் பார்க்கிற படம். பிறகு 'ஃபால்ஸ் கலர்'. இதில் பயிர் சிவப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை நிறையத் திருப்பி அனுப்பும், சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அந்த அகச்சிவப்புக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் குணத்தை ஒரு எண்ணாக ஆக்கினால் என்டிவிஐ: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அந்த இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது. மைனஸ் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் நிற்கும். தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே, உழுதுபோட்ட செம்மண் 0.1, 0.2 என்று, நன்றாக மூடி நிற்கிற பயிர் 0.6-க்கு மேல்.

என்டிவிஐ அடுக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, உங்கள் எல்லைக்குப் பக்கத்தில் வருகிற வரைபடப் பொத்தானை அழுத்துங்கள். சில வருடங்களுக்கான கோடு ஒன்று ஏறி இறங்கி வரும். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஒரு படத்தைப் பத்து நிமிடம் முறைத்துப் பார்ப்பதைவிட இந்தக் கோட்டை ஒரு நிமிடம் பார்ப்பது எவ்வளவோ மேல்.

கோட்டை எப்படி வாசிப்பது

கோட்டில் ஒரு மேடு வந்தால் ஒரு பயிர் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். கடலை என்றால் மேடு குறுகலாக இருக்கும், மூன்றரை மாதத்தில் ஏறி இறங்கிவிடும். நெல் என்றால் மேட்டுக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் இருக்கும், சேறடித்துத் தண்ணீர் கட்டியிருந்த நாட்கள் அவை. கோபியிலும் பவானியிலும் மஞ்சள் வைத்த காடுகளைப் பாருங்கள், வைகாசி ஆனியில் நட்டது மெல்ல ஏறி, ஐப்பசி கார்த்திகை வரை உச்சத்தில் நின்று, தை மாசியில் தழை காய்ந்து இறங்கும், அகலமான மேடு. கரும்பு வருடம் முழுக்க மேலேயே இருந்துவிட்டு வெட்டு விழுந்ததும் ஒரே அடியாகக் கீழே விழும். மானாவாரிக் காட்டில் மழைக்குப் பிறகு ஒரே ஒரு மேடு, பொங்கல் தாண்டினால் முடிந்தது.

தென்னைக்கு மேடே கிடையாது, பெரும்பாலும் சமமாக ஓடும். கொங்கு நாட்டில் நீங்கள் தேட வேண்டிய முக்கியமான மாற்றமே இதுதான் என்று நினைக்கிறேன். ஆள் கிடைக்காமல், தண்ணீர் கட்ட முடியாமல், பருத்தியும் சோளமும் போட்ட தோட்டங்களில் தென்னை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டவர்கள் எத்தனை பேர்! கோட்டில் இது எப்படித் தெரியும் என்றால், வருடத்துக்கு இரண்டு மூன்று மேடு வந்துகொண்டிருந்த இடத்தில் மேடுகள் நின்றுபோகும், சில வருடம் கோடு தாழ்வாகக் கிடக்கும், பிறகு மெதுவாக மேலேறிச் சமமாக ஓடும். நடுவில் அந்தத் தாழ்வான வருடங்களைப் பார்த்துத் தரிசு என்று எழுதிவிடாதீர்கள். 25 அடிக்கு ஒரு கன்று என்று ஏக்கருக்கு 70 வைத்தால், கன்று சின்னதாக இருக்கும் வரை மேலிருந்து தெரிவது வெறும் மண்தான். கூகுள் எர்த் புரோவில் போய்ப் பாருங்கள், புள்ளி வைத்த கோலம் மாதிரி வரிசையாகத் தெரிந்தால் தென்னை.

சைட் போட்ட காடு இன்னும் ஏமாற்றும். கல் நட்டு, செம்மண் ரோடு போட்டு, விற்காமல் கிடக்கிற மனைகளில் ஐப்பசி மழைக்குப் புல்லும் பூண்டும் முளைத்துக்கொள்ளும். கோட்டில் அது மானாவாரிச் சோளம் மாதிரியே ஒரு மேடு. இதற்கும் கூகுள் எர்த்தான் மருந்து, சீராகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற வெளுத்த கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும்.

இதே மாதிரி ஏமாற்றுகிற இன்னொன்று சீமைக் கருவேலம். உழவு நின்றுபோன காட்டில் அது ஏறிவிட்டால் கோடு மேலேறும், சித்திரை வெயிலிலும் இறங்காது. கம்ப்யூட்டருக்கு அது செழிப்பு. கிணறே இல்லாத இடத்தில் ஏப்ரல் மாதம் பச்சை நின்றால் சந்தேகப்படுங்கள்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று: கொரங்காடு. முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் மரம். மாடும் ஆடும் மேய்வதற்கென்றே விட்டுவைத்திருக்கிற பூமி அது. என்டிவிஐ கணக்கில் இது வருடத்தில் பாதி நாளுக்குத் தரிசு மாதிரியே கிடக்கும். உலகம் முழுக்க ஒரே சூத்திரத்தில் தயாரித்த நிலப் பயன்பாட்டு வரைபடங்களுக்குக் கொரங்காடு என்றால் என்னவென்றே தெரியாது. ஐரோப்பாவின் வேர்ல்ட்கவர் வரைபடத்தில் தோப்புகளும் மர வகையில்தான் சேரும், பொள்ளாச்சித் தென்னைக்கும் வனத்து மரத்துக்கும் அதில் வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். இஸ்ரோவின் புவன் தளத்தில் இந்தியாவுக்கென்று செய்த நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் 2005-06, 2011-12, 2015-16 ஆகிய வருடங்களுக்கு இருக்கின்றன, மாவட்ட அளவில் ஒரு பார்வைக்கு அவை நல்லவை, ஒரு தோட்டத்துக்கு ஒத்துவராது.

எந்த மாதம் எடுப்பது

நான் வருடத்துக்கு இரண்டு படம் வைத்துக்கொள்கிறேன். ஏப்ரல் ஒன்று, டிசம்பர் ஒன்று. ஏப்ரலில் வானம் தெளிவாக இருக்கும், மானாவாரி எல்லாம் காய்ந்திருக்கும், மிஞ்சுகிற பச்சை கிணறு, வாய்க்கால், தோப்பு, கருவேலம் இவ்வளவுதான். காலிங்கராயன் வாய்க்காலோரம் அந்த மாதத்தில் ஒரு பச்சைக் கயிறு மாதிரி வளைந்து வளைந்து போவதைப் பார்க்கலாம். டிசம்பர்ப் படம் மானாவாரிக்கு. மேகம் தொந்தரவு செய்யும், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை தேடினால் ஒரு தெளிந்த நாள் பெரும்பாலும் சிக்கும். சிக்கவே இல்லை என்றால் சென்டினல் 1 ராடார், அது மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். ஆனால் ராடார் படம் வாசிப்பது வேறு கலை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அவிநாசி, அன்னூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குக் கையோடு ஒரு பயிற்சி. அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது, 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடுகிற திட்டம். உங்கள் ஊர்க் குளத்தின் எல்லையை வரைந்து, தண்ணீரைத் தனியாக எடுத்துக்காட்டுகிற 'என்டிடபிள்யூஐ' அடுக்கில் 2023 ஏப்ரலையும் 2025 ஏப்ரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து அந்தக் குளத்தைச் சுற்றி அரை கிலோமீட்டரில் இருக்கிற தோட்டங்களின் என்டிவிஐ கோடு. நிலத்தடி நீர் ஊற நாள் ஆகும், உடனே பச்சை ஏறவில்லை என்று திட்டத்தைத் திட்ட வேண்டாம்.

முப்பது வருடம் பின்னால் போக

2015-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் லேண்ட்சாட்தான். முதல் கோள் 1972-இலேயே போனது, 30 மீட்டர்ப் படங்கள் எண்பதுகளில் வர ஆரம்பித்தன, 2008-இல் எல்லாவற்றையும் காசில்லாமல் திறந்துவிட்டார்கள். இங்கேதான் எர்த் என்ஜின் தேவைப்படும். வியாபாரத்துக்கு அல்லாமல் என்றால் இலவசம், பதிவு செய்துகொள்ள வேண்டும். எழுத வேண்டிய நிரல் இருபது முப்பது வரிதான். இடத்தைக் கொடு, வருடத்தைக் கொடு, மேகத்தை நீக்கு, ஒவ்வொரு படத்துக்கும் என்டிவிஐ போடு, அந்தப் பருவத்தின் உச்ச மதிப்பை எடு. உச்சத்தை எடுப்பதற்குக் காரணம், மேகமும் நிழலும் எண்ணைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. பயிர் வந்ததா இல்லையா என்ற கேள்விக்கு உச்சம் போதும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். லேண்ட்சாட் 7 படங்களில் 2003 மே கடைசிக்குப் பிறகு கருப்புக் கோடு கோடாக இருக்கும். கோளில் ஒரு பாகம் பழுதாகிவிட்டது, உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. லேண்ட்சாட் 5, 7 இரண்டின் எண்ணையும் 2013-இல் வந்த லேண்ட்சாட் 8-இன் எண்ணையும் அப்படியே ஒட்டினால் அங்கே ஒரு சின்னப் படி தெரியும், கருவி வேறு என்பதால். அந்தப் படியை 2013-இல் விவசாயம் கூடியது என்று வாசித்துவிடக் கூடாது.

ஊர் முழுக்கக் கணக்குப் போடும்போது ஏப்ரலில் 0.4-க்கு மேல் இருக்கிற பிக்சலை எல்லாம் எண்ணி, 40-ஆல் வகுத்தால் சென்டினலில் ஏக்கர்க் கணக்கு வந்துவிடும். அந்த 0.4 ஒன்றும் வேதவாக்கு அல்ல, உங்கள் ஊருக்கு 0.35 சரியாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான். வரைபடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐம்பது புள்ளி வைத்து, போனில் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்துக் கிளம்புங்கள். ஒவ்வொரு இடத்திலும் என்ன இருக்கிறது, போன வருடம் என்ன இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். "பூமி விக்கறதுக்கா பாக்கறீங்க?" என்று கேட்பார்கள், இல்லைங்க என்று சொல்லிப் போனில் இருக்கிற படத்தைக் காட்டுங்கள். எனக்கு முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தாதான், நான் தரிசு என்று குறித்திருந்த ஏழு புள்ளியில் நாலு கொரங்காடு என்று பிரித்துக் கொடுத்தவர். மீதி மூன்றில் ஒன்று கோர்ட்டு வழக்கில் கிடப்பதாம். அதற்கு நோட்டில் ஒரு தனிப் பத்தி போட வேண்டியதாயிற்று.